கண்ணின் உரிமை: இஸ்லாமிய நாகரிகத்தில் பார்வைப் பாதுகாப்பு

மாபெரும் மருத்துவ மேதையான அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ (865–925) தம் இறுதிக் காலத்தில் பார்வையை இழந்தார். ஈரானின் ரை நகரில் பிறந்து, ரையிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்தவர் அவர். பெரியம்மைக்கும் தட்டம்மைக்கும் உள்ள வேறுபாட்டைத் தனி நூலில் விளக்கிக் காட்டியவரும் அவரே. பிறர் பிணி தீர்த்த அப்பெருந்தகை தம் கண்ணைக் காக்கத் தவறியது எங்ஙனம்? அதற்கான விடையின் ஒரு பகுதியை அவரே எழுதி வைத்துள்ளார்.

தம் மீது கூறப்பட்ட குறைகளுக்கு மறுமொழியாக ‘அஸ்-ஸீரத்துல் ஃபல்ஸஃபிய்யா’ என்னும் சிறு நூலை ராஸீ யாத்தார். மெய்யறிவாளரின் வாழ்க்கை நெறி இன்னதென்று அதில் விளக்குமிடத்து, கல்வியின்பால் தமக்கிருந்த வேட்கையையும் குறிப்பிடுகிறார். தாயத்தில் எழுதுவது போன்ற நுண்ணிய எழுத்தில் ஒரே ஆண்டில் 20,000 பக்கங்களுக்கு மேல் எழுதியதாகவும், பெருந்தொகுப்பு ஒன்றுக்காகப் பதினைந்து ஆண்டுகள் இரவு பகலாக உழைத்ததாகவும் கூறுகிறார். அவ்வுழைப்பின் விளைவாகப் பார்வை நலிந்து, கையின் தசையும் கெட்டு, படிக்கவோ எழுதவோ இயலாத நிலைக்குத் தாம் வந்துவிட்டதையும், பிறரைப் படிக்கவும் எழுதவும் செய்து பணியைத் தொடர்வதையும் மறைக்காமல் சொல்கிறார்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, ராஸீயின் நூல்களுக்கு அட்டவணை தயாரித்த அறிஞர் அல்-பீரூனீ மேலும் ஒரு செய்தி தருகிறார். ராஸீ தமக்கு எதிரேயுள்ள சுவரின் மாடத்தில் விளக்கை ஏற்றி வைத்து, நூலைச் சுவரில் சார்த்திப் படிப்பாராம். உறக்கம் மேலிட்டால் நூல் கைநழுவி விழும். அந்த அதிர்வில் விழித்துக்கொண்டு மீண்டும் படிப்பைத் தொடர்வாராம். இப்பழக்கமும், பாக்லா என்னும் அவரை வகையை விரும்பி உண்டதும் அவர் கண்ணுக்குக் கேடு விளைவித்தன என்பது பீரூனீயின் கருத்து.

இவ்விரு குறிப்புகளையும் சேர்த்துப் படிக்கையில் ஓர் உண்மை புலனாகிறது. பார்வை கெட்டதற்குக் காரணம் தேடிய இவ்விருவரும் கண்ணேற்றையோ கோள்நிலையையோ சுட்டவில்லை. உறக்கம், உணவு, உழைப்பு, விளக்கொளி என்று அன்றாடப் பழக்கவழக்கங்களிலேயே காரணம் தேடினர். அவர்கள் கண்ட காரணங்கள் சரிதானா என்பது வேறு வினா. அதனைப் பின்னர் காண்போம். தேடிய இடம் இதுவாக இருந்தமையே இக்கட்டுரையின் பொருள்.

உரிமையும் கடமையும்

பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த இளம் தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அழைத்து நெறிப்படுத்திய நிகழ்ச்சி நமது வாசகர்கள் அறிந்ததே. உடலுக்கும் மனைவிக்கும் விருந்தினருக்கும் போலவே கண்ணுக்கும் அவர் மீது உரிமை உண்டு என்பதை நபிகளார் அன்று உணர்த்தினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் செய்தி இது. அங்குக் குறிப்பிடப்பட்டது உறக்கத்தின் உரிமை. ஆயினும், வணக்கத்தின் பெயரால்கூட உறுப்பு ஒன்றை வதைத்தல் ஆகாது என்ற பொதுநெறி அதனுள் அடங்கியுள்ளது. கண் நமக்கு உடைமையன்று, அமானிதம் என்ற எண்ணம் முஸ்லிம் சமுதாயத்தில் வேரூன்றியதற்கு இத்தகைய போதனைகளே அடிப்படை.

அரபு மொழியில் வளர்ந்த கண் மருத்துவத்தைப் பற்றி நாம் எழுதும்போதும் பேசும்போதும் பெரும்பாலும் அறுவை மருத்துவச் சாதனைகளையே பெருமிதத்துடன் எடுத்துரைக்கிறோம். மவ்ஸில் நகரிலிருந்து எகிப்துக்குச் சென்று, ஃபாத்திமிய ஆட்சியாளர் அல்-ஹாகிமின் (ஆட்சி 996–1021) காலத்தில் வாழ்ந்த அம்மார் இப்னு அலீ, உட்டுளை கொண்ட உலோக ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுத்த முறை உலகப் புகழ் பெற்றது. அது பெருமைக்குரியதே, ஐயமில்லை. ஆனால் அம்மருத்துவர்களின் நூல்களில் ஊசிக்கும் கத்திக்கும் முன்பாகப் பேசப்பட்ட பொருள் ஒன்றுண்டு. ‘ஹிஃப்ளுஸ் ஸிஹ்ஹா’, அதாவது நலம் காத்தல் என்பது அதன் பெயர். நோய் வருமுன் காப்பது மருத்துவத்தின் முதற்பாதி. வந்தபின் தீர்ப்பது இரண்டாம் பாதி என்று அவர்கள் பகுத்திருந்தனர். இரண்டாம் பாதியை நினைவில் வைத்துக்கொண்டு முதற்பாதியை மறந்துவிட்ட தலைமுறையாக நாம் ஆகிவிட்டோமோ என்ற ஐயமே இவ்வாய்வுக்குத் தூண்டுகோல்.

ஆறு இன்றியமையாப் பொருள்கள்

கண் மருத்துவம் தனித் துறையாக உருவெடுத்தது ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதில். யூஹன்னா இப்னு மாஸவைஹ் (மறைவு 857) கண் நோய்கள் குறித்து ஒரு நூல் எழுதினார். அவருடைய மாணவரும், ஹீரா நகரைச் சேர்ந்த நெஸ்தோரியக் கிறித்தவருமான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873) ‘கண் பற்றிய பத்து அதிகாரங்கள்’ என்னும் நூலை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறிது சிறிதாக எழுதி நிறைவு செய்தார். கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானியக் கண் மருத்துவர் மாக்ஸ் மேயர்ஹோஃப் 1928இல் அந்நூலைப் பதிப்பித்து ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். முஸ்லிம்களும் கிறித்தவர்களும் யூதர்களும் ஒன்றுகூடி வளர்த்த மரபு இது என்பதை நாம் மறத்தலாகாது.

கிரேக்க மருத்துவர் காலெனின் நூல்களை அரபுக்குக் கொணர்ந்தவர்களுள் தலையானவர் ஹுனைன். அவர் வழியாகவே ‘ஆறு இன்றியமையாப் பொருள்கள்’ என்னும் கோட்பாடு அரபு மருத்துவத்தில் நிலைபெற்றது. சூழ்ந்துள்ள காற்று, உணவும் பானமும், உறக்கமும் விழிப்பும், இயக்கமும் ஓய்வும், கழிவு வெளியேறலும் தங்கலும், மனத்தின் நிலைகள் ஆகியனவே அந்த ஆறு. எந்த மனிதரும் இவற்றிலிருந்து விலகி வாழ இயலாது. இவை அளவோடு அமைந்தால் நலம் நிலைக்கும். அளவு தவறினால் நோய் பிறக்கும். பதினோராம் நூற்றாண்டில் பக்தாதின் இப்னு புத்லான் இக்கோட்பாட்டை எளிய அட்டவணைகளாக வகுத்து ‘தக்வீமுஸ் ஸிஹ்ஹா’ என்ற நூலைத் தந்தார். இலத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூல், வண்ண ஓவியங்களுடன் ஐரோப்பியச் செல்வர்களின் இல்லங்களை அலங்கரித்தது.

இப்பொதுக் கோட்பாட்டைக் கண் என்னும் ஓர் உறுப்புக்குப் பொருத்திக் காட்டியவர்கள் ‘கஹ்ஹால்’ எனப்பட்ட கண் மருத்துவர்கள். அவர்களுள் முதன்மையானவர் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா. அவருடைய ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’ மூன்று பாகங்களைக் கொண்டது. முதற்பாகம் கண்ணின் உடற்கூறு பற்றியது. இரண்டாம் பாகம் புறத்தே தெரியும் நோய்களையும், மூன்றாம் பாகம் அகத்தே மறைந்திருக்கும் நோய்களையும் ஆராய்கின்றன. கண்ணின் நலம் காக்கும் முறையும், நூற்றுக்கும் மேற்பட்ட மருந்துப் பொருள்களின் பட்டியலும் மூன்றாம் பாகத்தில் இடம்பெறுகின்றன. பல நூற்றாண்டுக் காலம் கண் மருத்துவ மாணவரின் கைந்நூலாக அது விளங்கியது. 1904இல் ஜெர்மன் மொழியிலும், 1936இல் ஆங்கிலத்திலும் அது பெயர்க்கப்பட்டது.

அவர்கள் வகுத்த ஒழுக்கம்

இப்னு ஸீனா (980–1037) தமது ‘அல்-கானூன்’ மூன்றாம் நூலில், கண் நோய்களை விவரிக்கப் புகுமுன், கண்ணின் நலம் காப்பது எப்படி, அதற்குக் கேடு விளைவிப்பவை எவை என்று தனியே ஒரு பகுதி வகுத்துள்ளார். அதன் சாரத்தை நம் சொற்களில் இங்கே தருகிறோம். புழுதி, புகை, அளவு கடந்த வெப்பக் காற்று, குளிர்காற்று ஆகியவற்றிலிருந்து கண்ணைக் காக்க வேண்டும். ஒரே பொருளை இமைக்காமல் நெடுநேரம் உற்று நோக்கலாகாது. நுண்ணெழுத்துகளைப் பார்ப்பதைக் குறைக்க வேண்டும். கண்ணுக்குப் பயிற்சி என்ற அளவில் எப்போதாவது செய்யலாம். வயிறு நிறைய உண்ட கையோடு உறங்குதல் கூடாது. போதையும் மிகை அழுகையும் கண்ணுக்குப் பகை. உவர்ப்பும் காரமும் மிகுந்த உணவு நன்றன்று.

இவற்றை இன்றைய அறிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். ஒப்பிடும்போது நேர்மை வேண்டும். நம் முன்னோர் கூறியவை யாவும் இன்றைய அறிவியலால் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டன என்று எழுதுவது எளிது. ஆனால் அது உண்மையன்று, அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையுமன்று.

நிறைவயிற்றோடு உறங்குவதை அவர்கள் தடுத்ததற்குச் சொன்ன காரணம், இரைப்பையிலிருந்து ஆவிகள் தலைக்கு ஏறிக் கண்ணைக் கலக்கும் என்பது. அக்காரணம் இன்று ஏற்கத்தக்கதன்று. எனினும் அளவுகடந்த உணவு கண்ணைக் கெடுக்கும் என்ற முடிவு, அவர்கள் அறிந்திராத வேறொரு வழியில் உண்மையாகியுள்ளது. உடற்பருமனும் உழைப்பின்மையும் நீரிழிவுக்கு வழி வகுக்கின்றன. நீரிழிவு கட்டுக்குள் இல்லாதபோது விழித்திரையின் நுண்குழல்கள் சிதைந்து கசிகின்றன. பின்னர் பார்வை பறிபோகிறது.

புகை கண்ணுக்குப் பகை என்றபோது இப்னு ஸீனா கண்டது அடுப்புப் புகையும் விளக்குப் புகையுமே. அவருக்குப் பின் பல நூற்றாண்டுகள் கழித்தே புகையிலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிழக்குலகை அடைந்தது. புகைபிடித்தல் கண்புரை, விழித்திரையின் மையப்பகுதிச் சிதைவு ஆகிய இரண்டின் அபாயத்தையும் கூட்டுகிறது என்பது இன்று ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது.

நுண்ணெழுத்தைப் பற்றிய எச்சரிக்கையும் சிந்தனைக்குரியது. குழந்தைப் பருவத்தில் நெடுநேரம் அண்மையிலுள்ளவற்றைப் பார்ப்பதும், வெட்டவெளியில் இருக்கும் நேரம் குறைவதும் கிட்டப்பார்வையோடு தொடர்புடையவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடங்கள் வெளியில் விளையாடிய குழந்தைகளிடையே மூன்றாண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை அடைந்தோர் சுமார் 30 விழுக்காடு. மற்றக் குழந்தைகளிடையே சுமார் 40 விழுக்காடு. ‘எப்போதாவது’ என்று இப்னு ஸீனா வரையறுத்த நுண்ணெழுத்து, இன்று கைப்பேசித் திரையாக நம் குழந்தைகளின் கையை விட்டு அகலாமல் உள்ளது.

இப்னுல் ஹைஸம் மருத்துவரல்லர், ஒளியியல் அறிஞர். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அவர் (ஏறத்தாழ 965–1040) ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் தம் பெருநூலின் தொடக்கத்திலேயே எளிய உண்மை ஒன்றை எடுத்துரைக்கிறார். மிகு ஒளியை உற்று நோக்கும் கண் வலிக்கிறது, துன்புறுகிறது என்பதே அது. கண்ணிலிருந்து ஒளிக்கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று அறிஞர் பலர் நம்பிய காலத்தில், ஒளியே கண்ணின் மீது வினை புரிகிறது என்பதற்கு இதனை ஒரு சான்றாக அவர் கொண்டார். கதிரவனை நேரே பார்த்தால் விழித்திரை கருகும் என்பதும், புற ஊதாக் கதிர்கள் கண்புரைக்கு ஒரு காரணம் என்பதும் பின்னாளில் தெளிவாயின.

மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரலை உண்ணவும், அதன் சாற்றைக் கண்ணிலிடவும் கூறிய மருத்துவம் கிரேக்கருக்கும் முற்பட்டது. அரபு மருத்துவர்கள் அதனை ஏற்றுப் போற்றிப் பரப்பினர். ஈரலில் என்ன உள்ளது என்று அவர்கள் அறியார். 1913இல்தான் வைட்டமின் ஏ கண்டறியப்பட்டது. ஈரலில் அது நிறைந்திருப்பதும், அதன் குறைபாடே மாலைக்கண்ணுக்கு முதன்மைக் காரணம் என்பதும் அதன் பின்னரே விளங்கின. காரணம் அறியாத நிலையிலும் அனுபவத்தில் சோதித்துத் தேர்ந்த மருந்து இது.

இனி ராஸீயிடம் திரும்புவோம். விளக்கொளியில் படித்ததும் அவரை உண்டதும் அவர் பார்வையைப் பறித்திருக்குமா? மங்கிய ஒளியில் படித்தால் கண் களைப்புறும், வறளும், தலை வலிக்கும். ஆனால் நிலையான குருட்டுத்தன்மை அதனால் வருவதில்லை என்பதே இன்றைய கண் மருத்துவத்தின் கருத்து. ராஸீயின் கண்ணில் ‘நீர் இறங்கியது’, அதாவது புரை படர்ந்தது என்று மரபு கூறுகிறது. முதுமையே அதற்குப் பெருங்காரணமாக இருந்திருக்கலாம். ஆக, ராஸீயும் பீரூனீயும் கண்ட காரணங்கள் முழுமையாகச் சரியல்ல. ஆயினும் ராஸீயே இதனைக் குறையாகக் கொண்டிருக்க மாட்டார். காலெனின் கூற்றுகள் தம் அனுபவத்தோடு பொருந்தாத இடங்களில் ‘காலென் மீதான ஐயங்கள்’ என்று தனி நூலே எழுதியவர் அவர். முன்னோர் சொல்லைச் சோதித்துப் பார்ப்பதே முன்னோருக்குச் செய்யும் மரியாதை என்பது அவர் கொண்ட கொள்கை.

நீரும் முகமும்

தனிமனிதப் பழக்கம் மட்டும் கண்ணைக் காத்துவிடுமா? வரலாறு இதற்கு வேறு விடை தருகிறது. அலீ இப்னு ஈஸா ‘ஜரப்’ என்ற பெயரில் நான்கு வகையாகப் பிரித்து விவரித்த இமை நோய், இன்று டிரக்கோமா எனப்படுகிறது. நுண்கிருமியால் வரும் இந்நோய் கை, துணி, ஈ ஆகியவற்றின் வழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும். மீண்டும் மீண்டும் தொற்றுகையில் இமையின் உட்புறம் தழும்பேறிச் சுருங்கும். இமை மயிர் உள்நோக்கி வளைந்து கருவிழியை உராயும். இறுதியில் பார்வை மறையும். இந்நோயில் கருவிழி மேல் படரும் குருதிக்குழல் வலையை ‘ஸபல்’ என்று பெயரிட்டு அரபு மருத்துவர்கள் நுட்பமாக விவரித்துள்ளனர்.

இந்நோயைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த திட்டத்தில் நான்கு கூறுகள் உண்டு: அறுவை, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, முகத் தூய்மை, சுற்றுச்சூழல் மேம்பாடு. மூன்றாவது கூறைக் காணும்போது நமக்கு இயல்பாகவே வுழூ நினைவுக்கு வரும். நாளொன்றுக்கு ஐவேளை முகத்தையும் கைகளையும் கழுவும் பழக்கத்தை மார்க்கக் கடமையின் முன்நிபந்தனையாகக் கொண்ட சமுதாயம் நம்முடையது.

ஆனால் இங்கும் ஒரு கசப்பான உண்மையை ஏற்றாக வேண்டும். டிரக்கோமா நெடுங்காலம் வேரூன்றியிருந்த நாடுகளுள் எகிப்து முதலிடம் பெற்றிருந்தது. 1798இல் எகிப்தின் மீது படையெடுத்த நெப்போலியனின் வீரர்களும், அவர்களை எதிர்த்துச் சென்ற ஆங்கிலேய வீரர்களும் இக்கண்நோயைத் தம் நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். லண்டனில் 1805இல் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை தோன்ற அதுவும் ஒரு காரணமாயிற்று. அதனை அடியொற்றி 1819இல் சென்னையில் எழுந்ததே இன்றைய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. வுழூ செய்யும் மக்கள் வாழ்ந்த நாட்டில் இந்நோய் ஏன் பரவியது? முகம் கழுவத் தூய நீர் வேண்டும். ஓடும் நீர் இன்றி, பலரும் கை நனைத்த தொட்டி நீரும், பலரும் துடைத்த ஒரே துணியும், ஈ மொய்க்கும் தெருவும் இருந்தால், நல்ல பழக்கமும் போதாது. பழக்கம் தனிமனிதருடையது, நீர் சமுதாயத்தின் பொறுப்பு.

முற்காலச் சமுதாயம் இதனை ஓரளவு உணர்ந்திருந்தது. குடிநீர்ச் சாவடிகளுக்கும் குளியலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வக்ஃபு சொத்துகள் ஒதுக்கப்பட்டன. மம்லூக் சுல்தான் கலாவூன் 1284இல் கெய்ரோவில் எழுப்பிய மன்ஸூரீ மருத்துவமனையில் கண் நோயாளிகளுக்கெனத் தனிக்கூடம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அவ்விடத்தில் ஒரு கண் மருத்துவமனை எழுந்தது பொருத்தமான தொடர்ச்சியாகும்.

நம் காலத்தில் நிலைமை மாறியுள்ளது. டிரக்கோமாவைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் ஓமனை 2012இலும், மொராக்கோவை 2016இலும், ஈரானை 2018இலும், இந்தியாவையும் பாகிஸ்தானையும் 2024இலும் அறிவித்தது. நீர், தூய்மை, மருந்து மூன்றும் மக்களைச் சென்றடைந்ததன் பயன் இது.

சந்தையில் விற்ற அஞ்சனம்

பார்வைப் பாதுகாப்பில் சமுதாயத்தின் பங்கைக் காட்டும் மற்றுமொரு சான்று, பன்னிரண்டாம் நூற்றாண்டின் சிரியாவிலிருந்து கிடைக்கிறது. அஷ்-ஷைஸரீ என்பவர் சந்தைக் கண்காணிப்பு அதிகாரியாகிய முஹ்தஸிபுக்கு வழிகாட்டியாக ஒரு நூல் எழுதினார். ரொட்டி சுடுவோர், எண்ணெய் விற்போர் ஆகியோரைப் போலக் கண் மருத்துவரும் அதிகாரியின் கண்காணிப்புக்கு உட்பட்டவரே. ஹுனைனின் பத்து அதிகாரங்களைக் கொண்டு கண் மருத்துவரைத் தேர்வு செய்ய வேண்டும். கண்ணின் படலங்கள், நீர்மங்கள், நோய்கள், மருந்துகள் ஆகியவற்றை அறிந்தவருக்கே அனுமதி தரவேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது. ஊர் ஊராகத் திரிந்து கண்ணுக்கு மருந்திடுவோரை நம்பலாகாது என்றும் அது எச்சரிக்கிறது. இறையச்சமின்றி அறியாமையோடு மக்களின் கண்களில் கை வைப்போர் என்று அவர்களைக் கண்டிக்கும் ஷைஸரீ, மாவுப் பொருளையும் பிசினையும் கலந்து சாயமேற்றிக் கண்மருந்தென்று விற்ற கலப்படத்தையும் அம்பலப்படுத்துகிறார்.

இச்செய்தி நமக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. ‘இஸ்மித்’ என்னும் அஞ்சனக்கல் பார்வையைத் தெளிவாக்கி இமை மயிரை வளர்க்கும் என்ற கருத்துடைய அறிவிப்புகள் ஹதீஸ் நூல்களில் உள்ளன. அதன் வழியே சுர்மா இடுதல் நம் இல்லங்களில் பெருநாள் வழக்கமாகவும் வெள்ளிக்கிழமை வழக்கமாகவும் நிலைத்துள்ளது. இஸ்மித் என்பது ஆன்டிமனித் தாது என்றே பெரும்பாலும் பொருள் கொள்ளப்படுகிறது. ஆனால் இன்று சந்தையில் சுர்மா என்ற பெயரில் விற்கப்படுபவற்றைச் சோதித்த ஆய்வுகள் பலவற்றில், பெரும்பகுதி ஈயத் தாதுவாக இருந்தமை கண்டறியப்பட்டுள்ளது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குருதியில் பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கண்ணில் இட்டதைக் குழந்தை கையால் தேய்த்து வாயில் வைக்கும்போது அந்நஞ்சு உடலுள் செல்கிறது. அமெரிக்காவில் இத்தகைய மைகளைக் கண்ணில் இட அனுமதியில்லை.

சுன்னத்தைப் பின்பற்றுவதாக எண்ணிப் பச்சிளங் குழந்தையின் கண்ணில் ஈயத்தை இடுவது எந்த வகையிலும் சுன்னத் ஆகாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு. இன்று ஒரு முஹ்தஸிப் நம் கடைத்தெருவில் நின்றால், அவர் முதலில் கைப்பற்றுவது இன்னதென்று விவரம் தெரியாத அந்தச் சுர்மாக் குப்பிகளையே. முஹ்தஸிப் இல்லாத காலத்தில், சோதித்து அறியாததைக் குழந்தையின் கண்ணில் இடாதிருக்கும் பொறுப்பு ஒவ்வொரு பெற்றோரையும் சார்ந்தது. இது மரபை மறுப்பதன்று. ஷைஸரீ காத்த மரபைத் தொடர்வதே.

நம் காலத்துக் கடமை

உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது என்றும், அவர்களுள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக் கூடியது அல்லது இன்னும் தீர்க்கப்படாதது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. நீரிழிவால் வரும் விழித்திரைக் கேடு தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. பார்வை மங்கியபின் மருத்துவரை நாடுவோர் காலம் கடந்து நாடுகின்றனர். கண் அழுத்த நோயும் அவ்வாறே ஓசையின்றிப் பார்வையைக் குறைப்பது. ஆகவே நீரிழிவு உடையோர் ஆண்டுக்கொரு முறையேனும் விழித்திரைச் சோதனை செய்துகொள்வதும், நாற்பது வயதைக் கடந்தோர் கண் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்வதும் இன்றைய ‘ஹிஃப்ளுஸ் ஸிஹ்ஹா’வின் இன்றியமையாப் பகுதிகள்.

பழைய ஆறு பொருள்களையே இன்றைய மொழியில் மீண்டும் எழுதலாம். காற்று என்றால் புகையிலையை விடுதலும், சமையலறைப் புகைக்கு வழி காணுதலும். உணவு என்றால் கீரை, காய், கனி, மீன் ஆகியவற்றைக் கூட்டி, இனிப்பையும் கொழுப்பையும் குறைத்தல். பகலெல்லாம் நோற்ற நோன்பின் நலனை, நோன்பு திறந்தபின் பொரித்த பண்டங்களாலும் இனிப்புகளாலும் நாமே அழித்துக்கொள்கிறோம் என்பதையும் இங்கு நினைத்துப் பார்க்க வேண்டும். இயக்கம் என்றால் பெரியவர்களுக்கு நடைப்பயிற்சி, குழந்தைகளுக்குத் திறந்தவெளி விளையாட்டு. உறக்கம் என்றால் நள்ளிரவில் திரையை அணைத்துக் கண்ணுக்குரிய உரிமையைக் கொடுத்தல். எஞ்சிய இரண்டையும் நம் முன்னோர் சொன்னவாறே அளவறிந்து பேணலாம்.

பார்வையிழந்த ராஸீயிடம் கற்றவர் ஒருவர் சிகிச்சை அளிக்க முன்வந்தார் என்றும், எஞ்சிய வாழ்நாள் சிறிதே. அதனை வலியில் கழிப்பானேன் என்று கருதி நன்றியுடன் ராஸீ அதனை மறுத்துவிட்டார் என்றும் ஒரு செய்தி உண்டு. அவர் காலத்தில் கண்புரை அறுவை என்பது வலியும் அபாயமும் நிறைந்தது. அவரது முடிவை நாம் குறை கூற இயலாது. இன்றோ அதே நோய் சில நிமிட அறுவையில் நீங்குகிறது. ஆயினும் விழித்திரை சிதைந்தாலோ பார்வை நரம்பு பட்டுப்போனாலோ அதனைத் திரும்பப் பெற்றுத்தரும் அறுவை இன்றளவும் இல்லை. தீர்க்கும் கலை எவ்வளவு வளர்ந்தாலும் காக்கும் கலையின் தேவை குறையவில்லை என்பதற்கு இதுவே சான்று. தம் நலிவை மறைக்காமல் எழுதி வைத்த அந்த மேதை நமக்கு விட்டுச்சென்ற பாடமும் அதுவே. கண்ணின் உரிமையைக் கண் இருக்கும்போதே கொடுத்தாக வேண்டும்.